78 வயதில் ஒரு தனிப் பயணம்

இந்திய வான்வழிப் போக்குவரத்தின் பொன்விழா 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி மும்பையில் கொண்டாடப்பட்டபோது, விழா நாயகர் தரை வழியாக வரவில்லை. ஒற்றை என்ஜின் கொண்ட 'லெப்பர்டு மாத்' என்ற சிறு விமானத்தைத் தன்னந்தனியாக ஓட்டியபடி, கராச்சியிலிருந்து புறப்பட்டு ஜூஹு விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 78. அவர்தாம் ஜே.ஆர்.டி. டாடா.

சரியாக 50 ஆண்டுகளுக்கு முன், 1932-ஆம் ஆண்டு அதே தேதியில், அதே தடத்தில் அவர் மேற்கொண்ட பயணமே டாடா விமானச் சேவையின் தொடக்கம். இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் நபர் என்ற பெருமையை அவர் 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதியே பெற்றிருந்தார்.

சென்னை வரை வந்த தபால்

லண்டனிலிருந்து 'இம்பீரியல் ஏர்வேஸ்' விமானத்தில் கராச்சி வந்த தபால்களில் சுமார் 25 கிலோவை ஏற்றிக்கொண்டு, 'புஸ் மாத்' விமானத்தில் டாடா புறப்பட்டார். வழிகாட்டும் கருவிகளோ, தரையுடன் பேச வானொலியோ அதில் இல்லை. ஆமதாபாதில் விமானத்துக்கு எரிபொருள் மாட்டு வண்டியில் வந்தது. தகர டின்களிலிருந்து அதை ஊற்றி நிரப்பினர்.

ஜூஹுவில் தபால் மூட்டைகளைப் பெற்றுக்கொண்டவர், பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட். விமானச் சேவைத் திட்டத்தை டாடா நிறுவனத்திடம் முதலில் கொண்டுவந்தவரும் அவரே. அவர் பெல்லாரி வழியாகத் தபால்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த முதல் தடத்தின் தென்முனை சென்னைதான்.

அரசின் மானியம் ஏதுமின்றித் தொடங்கிய இச்சேவை முதல் ஆண்டில் பறந்த தொலைவு 1,60,000 மைல். ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. ஆயினும், சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் சென்ற தபால் ஒருமுறைகூடக் கராச்சியில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டதில்லை என்று சிவில் விமானப் போக்குவரத்துத் துறையே தனது அறிக்கையில் பாராட்டியது.

பதவி போனது; பற்று போகவில்லை

இந்த நிறுவனம் 1946-ஆம் ஆண்டில் 'ஏர் இந்தியா' ஆனது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி மும்பையிலிருந்து லண்டனுக்கு முதல் விமானத்தை அனுப்பியது. 1953-ஆம் ஆண்டில் விமான நிறுவனங்களை அரசு நாட்டுடைமையாக்கியது. அம்முடிவை டாடா ஏற்கவில்லை. எனினும், தலைவர் பொறுப்பை ஏற்குமாறு அரசு கேட்டுக்கொண்டபோது அவர் மறுக்கவில்லை. விமானத்தில் வழங்கப்படும் தேநீரின் நிறம் காபியின் நிறத்தைப் போலவே இருக்கிறது என்பது வரை கவனித்து, அதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது அவரது வழக்கம்.

அத்தகைய மனிதரை 1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மொரார்ஜி தேசாய் தலைமையிலான ஜனதா அரசு தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 1980-ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அரசு அவரை இயக்குநர் குழுவில் மீண்டும் சேர்த்தது. ஆனால், தலைவர் பதவி திரும்பவில்லை. ஆக, பொன்விழா நாளில் கராச்சியிலிருந்து புறப்பட்டபோது, அவர் உருவாக்கிய நிறுவனம் அவர் கையில் இல்லை. 1932-இல் ஒரே நாட்டுக்குள் அமைந்திருந்த அந்தத் தடமும் இப்போது இரு நாடுகளுக்கு இடையிலான எல்லையைக் கடந்து சென்றது.

30-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1962-ஆம் ஆண்டிலும் அவர் இத்தடத்தில் பறந்ததுண்டு. ஆனால், 78 வயதில் மீண்டும் ஏன் என்ற கேள்விக்கு ஜூஹுவில் திரண்டிருந்தோரிடம் அவரே விடை கூறினார். எத்தனை இடர்கள், ஏமாற்றங்கள் இருந்தாலும், ஒரு செயலைத் தம்மால் இயன்ற அளவு செம்மையாகவும், பிறர் எதிர்பார்த்ததைவிட மேலாகவும் செய்து முடிப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. இளைஞர்களிடம் அந்த நம்பிக்கையைச் சிறிதேனும் விதைப்பதே இப்பயணத்தின் நோக்கம் என்பதே அவர் பேச்சின் சாரம். பதவி நீக்கம் குறித்த மனக்குறைக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

அவருக்குப் பிறகு

1992-ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்ற டாடா, 1993-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். அவரது முதல் பயணத்தின் 89-ஆம் ஆண்டு நிறைவு நாளான 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, இளம் பெண் விமானி ஆரோஹி பண்டிட் சிறு விமானம் ஒன்றில் குஜராத்தின் புஜ் நகரிலிருந்து ஆமதாபாத் வழியாக ஜூஹுவுக்குப் பறந்து அவருக்கு அஞ்சலி செலுத்தினார்.

கடன் சுமையில் தத்தளித்த ஏர் இந்தியாவை 2022-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி டாடா குழுமத்திடம் அரசு ஒப்படைத்தது. ஆவணங்களில் நிறுவனம் கைமாறிய நாள் அது. மழையிலும் மலையிலும் ஒரு தபால்கூடத் தாமதமாகாமல் பார்த்துக்கொண்ட அந்த முதல் ஆண்டின் நேரந்தவறாமை எப்போது திரும்பும் என்பதை, விமான நிலையங்களில் காத்திருக்கும் பயணிகள்தாம் சொல்ல வேண்டும்.