கோரையின் தம்பி சர்க்கரைக்கு ஆகுமா?

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. வங்கியில் நாற்காலி தேய்த்த காலத்தில் வந்தது, மண்வெட்டி பிடித்த பிறகும் கூடவே இருக்கிறது. போன மாதம் மகன் ஒரு பாக்கெட் வரவழைத்துக் கொடுத்தான். மேலே ‘டைகர் நட்’, கீழே ‘சர்க்கரை உள்ளவர்களுக்கு உகந்தது’. பார்க்கச் சுருங்கிய கொண்டைக்கடலை மாதிரி. மென்றால் தேங்காயும் பாதாமும் கலந்த இனிப்பு.

‘நட்’தானே, வேர்க்கடலை போலத்தான் இருக்கும் என்று ராத்திரி சப்பாத்திக்கு மேல் இரண்டு கைப்பிடி மென்றேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 236! வழக்கமாக அதே சப்பாத்திக்கு 170-ஐத் தாண்டாது.

பிறகுதான் விசாரித்தேன். இது கொட்டையே இல்லைங்க, கிழங்கு. நம்ம வயலில் பிடுங்கிப் பிடுங்கி ஓயும் கோரைக்குத் தம்பி முறை. எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் போன்ற நல்ல கொழுப்பு. நார்ச்சத்தும் நிறைய. ஆனால் மாவுச்சத்தும் இயற்கைச் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும், ஏறாமல் தடுக்காது. வரவை மட்டும் பார்த்துப் பற்றை மறந்தது என் தப்பு.

இன்னொரு நாள் ஒரு சப்பாத்தியைக் குறைத்து, தராசில் 20 கிராம் நிறுத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்ததை மென்றேன். 168. ஒரு நாள் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் வழி தெரிந்தது: கூடுதலாக வேண்டாம், ஒன்றுக்குப் பதிலாக மட்டும். உங்கள் உடம்புக்கு உங்கள் மிஷினில் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஸ்பெயினில் வலென்சியா பக்கம் இதை அரைத்து, வடிகட்டி, சர்க்கரை போட்டு ‘ஓர்சாத்தா’ என்று குடிக்கிறார்கள். வடிகட்டினால் நார் போச்சு, மேலே சர்க்கரை வேறு. நமக்கு அது ஆகாது.

விவசாயிகளுக்கு இரண்டு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று கேட்டால் கிடைப்பது கசக்கும் முத்தக்காசு. அது வேறு, இது வேறு. அடுத்து, ஆசைப்பட்டு இதை வயலில் ஊன்றாதீர்கள். பல நாடுகளில் இது பெரிய களை. மண்ணில் ஒரு கிழங்கு தங்கினாலும் மறுபடி முளைக்கும். அண்ணனோடு படும் பாடே போதாதா?