உங்களுக்குத் தெரியுமா? லேபலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது

எலுவன்குளத்துச் சில்லறைக் கடையில் மலசலகூடம் கழுவும் திரவம் வாங்கினாலும், போத்தலின் லேபலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) 10ஆம் பிரிவின்படி, லேபல், விலை குறித்தல், பொதியிடல் பற்றி உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் சபை பணிப்புரை விடுக்கலாம்.

• லேபலில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கையின் மேல் திரவம் சொட்டுகிறதா? தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதற்கான ஐ.நா. முறைக் குறி அது.

• அமிலம் கலந்த திரவத்தோடு குளோரின் பிளீச்சைச் சேர்க்கவே வேண்டாம்; நச்சு வாயு கிளம்பும்.

• மிச்சத்தைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். எச்சரிக்கை இல்லாத போத்தலைப் பிள்ளைகள் குடிபானம் என்று எடுத்துவிடுவார்கள்.

• லேபலோ விலையோ இல்லாமல் விற்கிறார்களா? சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.