உடைவது வாக்கா, தவறுவது ஆளா?

சட்டைப் பையில் பத்து ரூபாய்த் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தோடு ஒரு வரி இருக்கும். இதைக் கொண்டுவருபவருக்குப் பத்து ரூபாய் தருவேன் என்று ஆளுநர் உறுதியளிக்கிறார். அந்த உறுதிமொழி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கிறது. தாளின் பின்பக்கத்தில் பதினைந்து மொழிகள் அடங்கிய பட்டியலில் தமிழுக்கும் இடம் உண்டு. ஆனால் அங்கே 'பத்து ரூபாய்' என்ற தொகையோடு சரி. ஒரு ரூபாய்த் தாளில் இந்த வரியே கிடையாது. அதை வெளியிடுவது மத்திய அரசு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து.

தாளில் வாக்குறுதி அச்சிடும் வழக்கம் இங்கிலாந்து வங்கியின் தாள்களிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அந்தத் தாளை நீட்டினால் தங்கம் கிடைக்கும். 1931இல் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. தங்கம் போய்விட்டது, வாக்கு மட்டும் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

ஆக, ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் மடியிலும் ஓர் ஆங்கில வாக்குறுதி கசங்கிக் கிடக்கிறது. அதனால் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு அப்படியல்ல. மழையைப் பற்றிய மரபுத்தொடரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சிரிப்போடு போய்விடும். நம்பிக்கையையும் வாக்கையும் பற்றிய தொடரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பணம் போகலாம், வேலை போகலாம், நட்பும் போகலாம்.

ஒரு சொல்லா, பல சொற்களா?

ஆங்கிலத்தில் 'வேர்ட்' என்றால் சொல் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அது ஒருமையில் இருந்தால் வாக்கு, பன்மையில் இருந்தால் வெறும் பேச்சு என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

'மேன் ஆஃப் ஹிஸ் வேர்ட்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். 'மேன் ஆஃப் ஃபியூ வேர்ட்ஸ்' என்றால் அதிகம் பேசாதவர். அவர் வாக்கைக் காப்பாற்றுவாரா என்பது வேறு கதை. 'கோ பேக் ஆன் யுவர் வேர்ட்' என்றால் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது. 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்பதும் அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முன்பு அடித்துப் பேசியது தப்பு என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் அந்தத் தொடர். மேலதிகாரி 'ஐ வாண்ட் டு ஹாவ் அ வேர்ட் வித் யூ' என்றால் தனியாகப் பேச வேண்டும் என்கிறார். 'வீ ஹாட் வேர்ட்ஸ்' என்றால் இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. ஓர் எழுத்து கூடினால் ஆலோசனை சண்டையாகிவிடுகிறது.

வாக்கு ஒருமையாக நின்றதற்கு நல்ல சாட்சி லண்டன் பங்குச்சந்தை. 1923இல் அதற்குக் கிடைத்த மரபுச் சின்னத்தில் 'டிக்டும் மேயும் பாக்டும்' என்ற லத்தீன் வாசகம் இருக்கிறது. 'மை வேர்ட் இஸ் மை பாண்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நான் வாயால் சொன்னதே எழுதிக் கொடுத்த பத்திரம் என்று பொருள். அந்தச் சந்தையின் தளத்தில் லட்சக்கணக்கான பவுண்டு வியாபாரம் நேருக்கு நேர் நின்று பேசியே முடிந்தது. ஆளுக்கொரு குறிப்பேட்டில் கிறுக்கிக்கொள்வார்கள். எழுத்து வேலை பிறகு. சொன்னதை மறுத்தவனோடு மறுநாள் பேச ஆள் இருக்காது. 1986 அக்டோபர் 27 அன்று வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு வியாபாரம் தளத்தை விட்டுத் திரைக்கும் தொலைபேசிக்கும் போய்விட்டது. வாசகம் மட்டும் தங்கிவிட்டது.

நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று நம் பிள்ளைகள் அறிந்த 'பாண்டு' வேறு. வேலைக்குச் சேரும்போது, இரண்டு வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்களே, அது. வாய்ச்சொல்லே பாண்டு என்று பெருமைப்பட்ட மொழியிடமிருந்து, வாய்ச்சொல் போதாது என்பதற்கான பத்திரத்தின் பெயரை நாம் வாங்கியிருக்கிறோம்.

உப்பு ஒன்று, குணம் இரண்டு

இரண்டு மொழிகளும் ஒரே பொருளைத் தொட்டு எதிரெதிர்த் திசையில் போகும் இடங்கள்தான் ஆபத்தானவை. உப்பு அப்படி ஒன்று.

நமக்கு உப்பு விசுவாசம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வோம். தின்ற உப்புக்குத் துரோகம் செய்தவனை மன்னிக்கமாட்டோம். ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னதை 'வித் அ பிஞ்ச் ஆஃப் சால்ட்' எடுத்துக்கொள் என்றால், அதை முழுசாக நம்பிவிடாதே என்று எச்சரிக்கை.

இதற்கு மூலமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ரோமானிய எழுத்தாளர் பிளினி. கி.பி. 77 வாக்கில் வந்த தம் இயற்கை வரலாற்று நூலில் மித்ரிடேட்டஸ் மன்னனின் விஷமுறிவு மருந்தைக் குறிப்பிடுகிறார். உலர்ந்த அக்ரூட் கொட்டைகள் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது. இடித்து, ஒரு கல் உப்புச் சேர்த்து வெறும் வயிற்றில் தின்றால் அன்றைக்கு எந்த விஷமும் ஏறாதாம். விஷமுறிவில் சேர்ந்த அந்த உப்பு, பிற்காலத்தில் விஷமான பேச்சையும் செரிக்க வைக்கும் உப்பாகிவிட்டது. அலுவலகத்தில் யாராவது உங்கள் பேச்சோடு உப்பைச் சேர்த்துப் பேசினால் பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆறும் அப்படித்தான். பாதியில் கைவிட்டவனைப் பற்றி 'நட்டாற்றில் விட்டுட்டான்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'சோல்ட் டவுன் தி ரிவர்' என்று கேட்டதும் அதே ஆறு என்று தோன்றும். அந்த ஆறு மிசிசிப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கென்டக்கி போன்ற மாநிலங்களிலிருந்து அடிமைகளை ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகளின் கீழ்ப்போக்கில் தெற்கே கொண்டுபோய்ப் பருத்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். பெண்டாட்டி ஓரிடம், பிள்ளை ஓரிடம். வேலை கொடுமையோ அதைவிட. நட்டாற்றில் விட்டவன் கையைத்தான் விடுகிறான். இந்த ஆற்றில் விற்றவன் காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தவன். கறுப்பின மக்களின் ரத்தம் தோய்ந்த தொடர் என்பதால் விளையாட்டுப் பேச்சில் அதைத் தவிர்ப்பது நல்லது. அதேபோல, கடனை ஏமாற்றுவதற்கு 'வெல்ஷ்' என்ற வினையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வேல்ஸ் நாட்டுக்காரர்கள் அதைத் தங்கள் இனத்துக்கு இழுக்காகவே கேட்பார்கள்.

பப்ஸும் ஜாமும்

நிறைவேறாத வாக்குறுதிக்கு நம்மிடம் உவமைப் பஞ்சமே இல்லை. வானத்தை வில்லாக வளைப்பார்கள், மணலைக் கயிறாகத் திரிப்பார்கள். ஆங்கிலேயர் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. 'பிராமிஸ் தி மூன்' என்று நிலாவோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர்களின் உண்மையான கைவண்ணம் சமையலறையில் இருக்கிறது. 'பை கிரஸ்ட் பிராமிஸ்' என்பது பழைய வழக்கு. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட, மேட்டுக்குடி அரட்டையைக் கிண்டல் செய்யும் நூலில் அது வருகிறது. 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படமும் அதைக் குழந்தைகளிடம் பரப்பியது. பேக்கரி பப்ஸின் மேல்தோலை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், விரல் பட்டதும் உதிரும். உடைவதற்கென்றே செய்யப்பட்ட வாக்குறுதி அது.

இன்னொன்று 'ஜாம் டுமாரோ'. லூயிஸ் கரோல் 1871இல் எழுதிய இரண்டாம் ஆலிஸ் கதையில் வெள்ளை ராணி வேலைக்கு ஆள் எடுக்கிறாள். சம்பளத்தோடு ஒருநாள் விட்டு ஒருநாள் ஜாம் உண்டு. ஆனால் அது நேற்றைக்கு உண்டு, நாளைக்கு உண்டு, இன்றைக்கு மட்டும் ஒருபோதும் கிடையாது. இதற்குள் ஒரு லத்தீன் குறும்பும் ஒளிந்திருக்கிறது. 'இப்போது' என்று பொருள்படும் 'யாம்' என்ற லத்தீன் சொல்லை அந்தக் காலத்தில் 'ஜாம்' என்றும் எழுதினார்கள். இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும்தான் அது பொருந்தும், நிகழ்காலத்துக்கு வேறு சொல் என்பது பள்ளிக்கூடப் பாடம். பிரிட்டிஷ் அரசியலில் இன்றும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் இந்த ஜாமை எடுப்பார்கள். நம் பெட்டிக்கடைக்காரர் லத்தீன் படிக்காமலே இதைக் கண்டுபிடித்து, 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

விரலை எங்கே வைத்தார்?

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அயல்நாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று அவர்கள் கேட்க, இவர் உற்சாகமாக 'ஃபிங்கர்ஸ் கிராஸ்டு' என்றார். 'கண்டிப்பாக முடிச்சிடுவேன்' என்று சொன்னதாக இவர் நினைப்பு. முடிந்தால் அதிர்ஷ்டம் என்று இவர் சொன்னதாக அவர்கள் எண்ணினார்கள். வேலையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர் வியாழக்கிழமை இரவே முடித்து வைத்திருந்தார்.

சுட்டுவிரல்மேல் நடுவிரலைப் பின்னுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள். முன்னால் காட்டினால் நல்லது நடக்கட்டும் என்ற வேண்டுதல். முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பின்னினால், வாய் கொடுத்த வாக்கு செல்லாது. பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் இத்தகைய சட்டதிட்டங்களைத் தேடித் தொகுத்த ஐயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி 1959இல் அவற்றைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். சத்தியம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதில் பிள்ளைகள் நீதிபதிகளைவிடக் கறாரானவர்கள்.

நம் தெருப் பிள்ளைகளும் சளைத்தவர்களா? சாமி சத்தியம், அம்மா சத்தியம், தலையில் அடித்துச் சத்தியம் என்று அதற்குப் படிநிலைகள் உண்டு. 'கிராஸ் மை ஹார்ட் அண்ட் ஹோப் டு டை' என்னும் ஆங்கிலப் பிள்ளை, பொய் சொன்னால் தான் சாகட்டும் என்கிறது. நம் பிள்ளை அம்மாவையே பணயம் வைக்கிறது. அதனால்தான் அதைக் கேட்டால் பாட்டிக்கு அவ்வளவு கோபம்.

நம்பு, பிறகு பார். பார், பிறகு நம்பு

உதட்டை நம்பச் சொன்ன ஒருவரின் கதை இது. 1988 ஆகஸ்டில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் மூத்த ஜார்ஜ் புஷ், 'ரீட் மை லிப்ஸ்: நோ நியூ டாக்ஸஸ்' என்றார். என் உதட்டைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், புதிய வரி கிடையாது என்று பொருள். அதிபரானார். 1990இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். 1992 தேர்தலில் கிளின்டனிடம் தோற்றார். தோல்விக்குப் பொருளாதாரமும் காரணம். ஆனால் மக்கள் நினைவில் நின்றது அந்த உதடுதான். அதற்குப் பிறகு அந்தத் தொடரைச் சொல்கிறவர் முகத்தில் ஒரு கேலிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. 'உதட்டளவு' என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலத்திலும் 'லிப் சர்வீஸ்' அதுதான்.

அவருக்கு முன்பிருந்த ரொனால்ட் ரீகன் இன்னும் கவனமானவர். 'டிரஸ்ட், பட் வெரிஃபை' என்று ஒரு ரஷ்யப் பழமொழியையே ரஷ்யர்களிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1987 டிசம்பர் 8 அன்று ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதும் சொன்னார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்களே என்று சோவியத் தலைவர் கோர்பசேவ் கேட்க, அரங்கம் சிரித்தது.

ரீகனின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நம்பு, பிறகு சரிபார். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் இதைத் தலைகீழாக வைக்கிறார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பியவனைச் சந்தேகிப்பதும் துன்பம் என்கிறார். சோதனையெல்லாம் நம்பிக்கைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். ஒருவரைத் தினமும் சரிபார்த்துக்கொண்டிருப்பதற்கு வள்ளுவர் நம்பிக்கை என்று பெயர் வைக்கமாட்டார். ஏவுகணைகளை எண்ணும் இடத்தில் ரீகன் சொன்னது சரி. நண்பனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் குறள்தான் சரி.

இரண்டுக்கும் நடுவே 'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்' இருக்கிறது. 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று நீதிமன்றச் செய்திகள் வழியே அது தமிழாகவே ஆகிவிட்டது. ஆதாரம் போதவில்லை என்றால் அவர் பக்கம் சாய் என்பது அதன் சாரம். அன்றாடப் பேச்சில் இதை யாராவது உங்களுக்குக் கொடுத்தால், உங்களை நம்பிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தத் தடவை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் வாக்கைக் 'கீப்' செய்கிறார்கள். கையில் ஒரு பொருளைப் போல வைத்துக்கொள்கிறார்கள். முடியாமல் போனால் 'பிரேக்' ஆகிறது, பீங்கான் கோப்பையைப் போல. உடைந்தது வாக்கு; உடைத்தவர் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாக்கைக் கொடுக்கலாம்.

தமிழில் வாக்கைக் காப்பாற்றுகிறோம். வெள்ளத்தில் போகும் குழந்தையைக் காப்பாற்றுவதும் அதே வினைதான். முடியாமல் போனால் 'வாக்குத் தவறினான்' என்கிறோம். தவறியது ஆள். கால் தவறியவனைப் போல அவன்தான் கீழே விழுகிறான். வாக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

தேர்தலில் நாம் போடுவதற்கும் தலைவர்கள் நமக்குக் கொடுப்பதற்கும் 'வாக்கு' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி இது. ஆங்கிலத் தொடர்களைத் தாராளமாகக் கற்றுக்கொள்வோம், சரியான இடத்தில் பயன்படுத்துவோம். ஆனால் இப்போது சிலர் எழுதுவதுபோல 'வாக்குறுதியை உடைத்தார்' என்று மட்டும் தமிழில் எழுத வேண்டாம். வாக்குத் தவறியவரை, தவறினார் என்றே சொல்வோம்.