பிரிட்டனுக்குக் குடிபோகிறீர்களா? முதலில் ஜி.பி.யிடம் பதியுங்கள்

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா கேட்டால், பிரிட்டன் மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்றாண்டு வேலை விசாவில் போனால் 10,866 பவுண்டு! (நர்ஸ், டாக்டர் போன்றோருக்கான சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு விலக்கு உண்டு.) இவ்வளவு கட்டியவர்களும், காய்ச்சலில் படுத்த பிறகுதான் எந்த டாக்டரிடம் போவது என்று தேடுகிறார்கள்.

பணம் கட்டினால் போதாது

என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவ சேவைக்கு வாசல், உங்கள் பகுதியின் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவர்தான். வீடு கிடைத்த வாரமே பதிந்துவிடுங்கள். இங்கிலாந்தில் இதற்குக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்றும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆனால் அவை கையில் இல்லை என்பதற்காக மட்டும் பதிய மறுக்கக் கூடாது என்பது விதி. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம். பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியாது

முழங்கால் வலித்தால் எலும்பு டாக்டர், தோல் அரித்தால் தோல் டாக்டர் என்று நாமே முடிவெடுத்துப் பழகியவர்கள் நாம். அங்கே ஜி.பி. பார்த்து, தேவை என்றால்தான் அனுப்புவார். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம். எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக அவசர சிகிச்சைப் பிரிவில் போய் உட்காருவதில் பயனில்லை. நோயின் கடுமையைப் பார்த்துத்தான் வரிசை. நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி என்றால் 999. எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 111. இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஆங்கிலம் தடுமாறினால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதற்குக் காசில்லை. அம்மாவின் மாதவிலக்குத் தொல்லையைப் பத்து வயது மகனை விட்டு டாக்டரிடம் சொல்லவைப்பது இருவருக்கும் கொடுமை.

சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள்

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிச் செல்லுங்கள். இரண்டு மூன்று மருந்து கலந்து இந்தியாவில் வரும் மாத்திரைகள் பல அங்கே கிடைக்காது. இங்கிலாந்தில் 2024 மே முதல் சீட்டிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டால், எந்த மருந்துக்கும் இந்தக் கட்டணம் இல்லை. பி.பி. மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. உடல் நிறை எண் 25-ஐத் தாண்டினால்தான் கவலை என்ற கணக்கு நமக்கில்லை. தெற்காசியர்களுக்கு 23 முதலே சர்க்கரை நோய் அபாயம் கூடுவதாக என்.எச்.எஸ். எச்சரிக்கிறது.

பார்க்க வரும் பெற்றோர்

நீங்கள் கட்டிய பணம் அவர்களைக் காக்காது. வருகை விசாவில் வந்தவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால் வழக்கமான செலவுக் கணக்கில் ஒன்றரை மடங்கு பில் வரும். பழைய நோய்களை மறைக்காமல் சொல்லி, பயணக் காப்பீடு எடுத்த பிறகே டிக்கெட் போடுங்கள். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதம் கட்டாமல் நின்றால், அவர்களின் அடுத்த விசா மறுக்கப்படலாம்.