ஒரு புள்ளி பண்ணின வேலை!

1979-ல் ஆபீஸில் என்னைக் கம்ப்யூட்டர் ட்ரெயினிங்குக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

''அந்த ஐ.பி.எம். கம்பெனிக்காரனே போன வருஷம் இந்தியாவை விட்டு மூட்டை கட்டிட்டான். நீ எதை நம்பிடா போறே?''

நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. போனேன்.

அம்மாவின் கவலை வேறு. நாங்கள் படித்த பாஷைக்குப் பெயர் கோபால். அமெரிக்காவில் 1959-ல் ஆபீஸ் கணக்குகளுக்கென்றே உருவாக்க ஆரம்பித்தது. ''யாருடா அந்தக் கோபால்? தினம் ராத்திரி அவனோட உனக்கு என்ன வேலை?'' என்று ஒருநாள் கேட்டே விட்டாள். ட்ரெயினிங் ஆசாமிகளுக்கு மெஷின் கிடைப்பதே ராத்திரியில்தான் என்பதை எப்படிப் புரிய வைப்பது!

இப்போது மாதிரி டைப் அடித்தோம், பார்த்தோம், திருத்தினோம் என்பதெல்லாம் கிடையாது. முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுத வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதைப் பஞ்ச் ரூமில் கொடுத்தால், அங்கிருக்கும் பெண்கள் தடதடவென்று அட்டையில் ஓட்டை போட்டுத் தருவார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 காலம். ஏழாவது காலத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால், அந்த வரி மனிதர்கள் படிக்க, மெஷின் கண்டுகொள்ளாது. (இந்த நட்சத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ராத்திரி மெஷினில் கொடுத்தால் காலையில் தப்புகளின் பட்டியல் வரும். ஒரு கமா தப்பா? திரும்பப் பென்சில், திரும்பப் பஞ்ச் ரூம், திரும்ப ராத்திரி!

அட்டைக் கட்டு கை தவறி விழுந்தால் அவ்வளவுதான்... வரிசை கலைந்து, தரையில் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். அதற்கு ஒரு சீனியர் வழி சொல்லிக் கொடுத்தார். கட்டின் மேல் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கலைந்தாலும் கோட்டைச் சேர்த்தால் வரிசை வந்துவிடும். ட்ரெயினிங்கில் கற்றதிலேயே உருப்படியானது இதுதான் என்பேன்.

ஆபீஸ் திரும்பியதும் என் தலையில் சம்பளக் கணக்கைக் கட்டினார்கள். கம்ப்யூட்டர் அறை ஏ.ஸி. கோயில் மாதிரி செருப்பை வெளியே விட்டுத்தான் போகணும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம்கூட உண்டு. ஆனால் வெளியே நிலவரம் அப்படியில்லை. கல்கத்தாவில் 1960-களில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடிய கதையை எங்கள் கேன்டீனில் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டிபன் டப்பாவைத் திறந்தால் டேபிளில் பேச்சு நின்றுவிடும்.

சம்பள செக்ஷனுக்கு ஒரு ஹெட் கிளார்க். பெயர் வேண்டாம். நானூற்றுச் சொச்சம் பேரின் சம்பளத்தை இருபது வருஷமாகக் கையால் போட்டவர். இரண்டு மாதம் அவரும் மெஷினும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தோம். ஒரு பைசா பிசகவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து மெஷின் மட்டும். அவர் செக்ஷனைக் கலைத்துவிடுவதாக ஏற்பாடு.

அந்த மாதம் பார்த்துப் பஞ்சப்படி அரியர்ஸ் வந்து சேர்ந்தது. ஒன்றும் பெரிய வேலையில்லை. 'சொசைட்டி லோன் இருந்தால் தவணையைக் கழி' என்ற வரியை மாற்றி எழுதி, அதற்குக் கீழே 'அரியர்ஸைக் கூட்டு' என்று ஒரு வரி சேர்த்தேன். பத்துப் பேர் கணக்கைக் கொடுத்துச் சோதித்தேன். பத்தும் சரி. சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லா ஸ்லிப்பும் அச்சாகிவிட்டது.

மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஹெட் கிளார்க் வந்தார். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.

''ஏன் தம்பி... கடன் வாங்காதவனுக்குப் பஞ்சப்படி கிடையாதுன்னு கவர்ன்மென்ட்ல புதுசா ஆர்டர் போட்டிருக்காங்களா?''

'ஙே' என்று விழித்தேன்.

நாலைந்து ஸ்லிப்புகளை மேஜையில் வைத்தார். மேலே இருந்தது அவருடையது. வாழ்நாளில் சொசைட்டி பக்கமே போகாத மனுஷர்! அரியர்ஸ் இல்லை. அடுத்ததிலும் இல்லை. லோன் வாங்கினவர்களுக்கெல்லாம் மட்டும் ஜம்மென்று ஏறியிருந்தது.

கோபாலில் ஒரு வாக்கியம் முடிந்தது என்று மெஷினுக்குச் சொல்வது கடைசியில் வைக்கிற புள்ளிதான். தவணையைக் கழி என்பதற்குப் பிறகு நான் புள்ளி வைக்கவில்லை. அதனால் 'லோன் இருந்தால்' என்ற நிபந்தனை அடுத்த வரிக்கும் தாவிவிட்டது. சோதனைக்கு நான் எடுத்த பத்துப் பேரும் லோன்காரர்கள். எனக்கு எப்படித் தெரியும்?

அன்று ராத்திரியே அட்டையை மாற்றி, எல்லா ஸ்லிப்பையும் திரும்ப அடித்தேன். விடியற்காலை அவர் வந்து நின்று, ஒன்று விடாமல் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. டீ குடிக்கிறபோது கேட்டேன்.

''சார், இதை நீங்க மேலே சொல்லியிருந்தா மெஷினே போயிருக்குமே?''

''போயிருக்கும்'' என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். ''ஒண்ணாந் தேதி சம்பளம் குறைஞ்சா, வாங்கறவன் உன் மெஷினையா வந்து கேப்பான்? என்கிட்டதானே தம்பி வருவான்.''

அடுத்த மாதம் அவரை டெஸ்பாட்ச் செக்ஷனுக்கு மாற்றினார்கள். தபால் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே ரிடையர் ஆனார். நான் அந்தப் புள்ளிக்கு மேலே நட்சத்திரம் போட்ட ஒரு அட்டையைச் செருகி வைத்தேன்.

1999-ல் ஒய்-டூ-கே அமர்க்களம். இடத்தை மிச்சம் பிடிக்க நாங்கள் வருஷத்தை '79' என்று இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த பாவத்துக்குப் பரிகாரம்! அட்டைகள் எப்போதோ போய், என் புரோகிராம் ஸ்கிரீனில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த வந்த பையன் கூப்பிட்டான்.

''சார், இங்கே ஸ்டார் போட்டு 'இந்தப் புள்ளியைத் தொடாதே, ஹெட் கிளார்க்கைக் கேள்'னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கு. யார் சார் அது? டெலிட் பண்ணிடவா?''

''நீ வருஷத்தை மட்டும் மாத்துப்பா'' என்றேன்.