கேத்தவான் அரசியின் எலும்பு: மரபணு சொன்னதும் சொல்லாததும்

ஒரு சமயத்தார் புனிதமெனப் போற்றும் பொருள் மெய்யானதுதானா என்னும் வினாவுக்கு ஆய்வுக்கூடம் விடை கூற இயலுமா? இத்தாலியின் தூரின் நகரிலுள்ள, ஈசா நபியின் உடலைப் போர்த்தியதாகக் கிறித்தவர்களிற் பலர் நம்பும் துணியை 1988-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி, அது கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று அறிவித்தன. அது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் நாட்டிலும் இத்தகையதோர் ஆய்வு நடந்தது. அதனை நாம் அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு.

கேத்தவான், ஜார்ஜியாவின் காகெத்தி நாட்டு அரசி. மன்னர் தெய்முராஸின் தாய். ஈரானின் சஃபவி மன்னர் ஷா அப்பாஸிடம் பல்லாண்டுகள் பிணையாக இருந்தவர். மதம் மாற மறுத்தமையால் 1624-இல் ஷீராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அங்கிருந்த போர்த்துகீசிய அகுஸ்தீன் சபைத் துறவியர் அவரது எலும்புகளில் ஒரு பகுதியை 1627-இல் கோவாவுக்குக் கொணர்ந்து, தம் மடத்தில் வைத்ததாகப் போர்த்துகீசிய ஏடுகள் கூறுகின்றன. அம்மடம் 1835-இல் கைவிடப்பட்டது. 1842-இல் தேவாலயக் கூரை சரிந்தது. எலும்பு இருந்த இடமும் மறைந்தது.

இந்தியத் தொல்லியல் துறையின் அகழ்வில், 2004-இல் அவ்விடிபாடுகளிடையே ஒரு கை எலும்பு கிடைத்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் முனைவர் கு. தங்கராஜ் குழுவினர் அதனை ஆராய்ந்தனர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் இழைமணி மரபணுவை அவர்கள் பிரித்தெடுத்தனர். அது ‘யூ1பி’ என்னும் கிளையைச் சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் சோதிக்கப்பட்டிருந்த 22,000-க்கும் மேற்பட்டோரில் ஒருவரிடமும் அக்கிளை இல்லை. ஜார்ஜியர் 30 பேரில் இருவரிடம் இருந்தது. முடிவு 2014-இல் வெளியாயிற்று. கட்டுரையின் தலைப்பே அவ்வெலும்பு ‘அநேகமாக’ அரசியினுடையது என்றுதான் கூறிற்று.

இந்த ‘அநேகமாக’ என்னும் சொல்லில்தான் ஆய்வின் நேர்மை இருக்கிறது. சேவூர், திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிலை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு துண்டுத் துணியைச் சோதித்து, அது பருத்தியா பாலியஸ்டரா என்றும் நூல் எத்தனையாம் நம்பர் என்றும் சொல்லிவிடலாம். அதனை அணிந்தவர் யார் என்பதை அச்சோதனை சொல்லாது. அவ்வாறே இம்மரபணு ஒரு தாய்வழியைக் காட்டுமேயன்றி ஒரு தனி மனிதரைக் காட்டாது. ஜார்ஜியர் முப்பதின்மரில் இருபத்தெண்மருக்கு அக்கிளை இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. கோவாவோ பல நாட்டாரும் வந்து தங்கிய துறைமுகம். இங்கிலாந்தில் 2012-இல் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகளை, அவருடைய சகோதரியின் தாய்வழியில் வந்து இன்று வாழ்வோரின் மரபணுவோடு ஒப்பிட்டனர். அத்தகைய ஒப்பீடு கோவா ஆய்வில் இல்லை. ஏடு, இடம், மரபணு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குவதாலேயே இம்முடிவு வலுப்பெறுகிறது. தனித்து நின்றால் மரபணு மட்டும் போதாது.

இவ்வாறு சான்றைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதன்று. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என வகுத்த ஹதீஸ் கலை அறிஞர்கள், உறுதியான அறிவை யகீன் என்றும் மேலோங்கிய ஊகத்தை ளன் என்றும் வேறுபடுத்தினர். ஐதராபாத் அறிஞர்களின் ‘அநேகமாக’ இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை யகீனாக உயர்த்துவதும் தவறு. வெறும் கட்டுக்கதை எனத் தள்ளுவதும் தவறு. நம்மவர் போற்றும் சின்னங்களையும் இதே தராசில் நிறுத்தால்தான் நம் நடுநிலை மெய்ப்படும்.

2021 ஜூலையில் இந்தியா அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அளித்தது. எலும்பு யாருடையது என்பதில் ஐயத்துக்குச் சிறிது இடமுண்டு. அரசி கொல்லப்பட்டதில் ஐயமில்லை. மார்க்கத்தில் பலவந்தத்துக்கு இடமளிக்காத வேதத்தை ஏற்றவர்கள் நாம். ஒரு முஸ்லிம் மன்னர் பெண்ணொருத்திக்கு இழைத்த கொடுமையை, எலும்பின் மீதுள்ள ஐயத்தைக் காட்டி மூடிவிடலாகாது. சான்றுக்கு உரிய மதிப்பைத் தருவதும் அநீதியை அநீதி என்று ஒப்புக்கொள்வதும் ஒரே நீதியின் இரு கடமைகளாகும்.