அணுவுலையும் வகுப்பறையும்

"அண்ணா, அணுப் பொறியியல் கற்க எந்தப் பல்கலைக் கழகத்தில் சேரலாம்?" பாணேரில் என் அறைக்கு வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. எளிய கேள்விதான். ஆனால் விடை சொல்ல ஏறத்தாழ எழுபது ஆண்டுக் கதையை எடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இக்கல்வி பிறந்த இடம் பல்கலைக் கழகமன்று. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மும்பையின் டிராம்பேயில் 'அப்சரா' உலை இயங்கத் தொடங்கிற்று. உலை வந்துவிட்டது, அதை நடத்த ஆள் வேண்டுமே! பொறியியல் கற்றவர் நியூட்ரானை அறியார். இயற்பியல் கற்றவர் பம்பையும் குழாயையும் அறியார். ஆகவே 1957இல் ஹோமி பாபா அங்கேயே ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். பட்டம் பெற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித் தொகை கொடுத்து, ஓராண்டு பயிற்றி, அங்கேயே வேலையும் தருவது அதன் முறை. பிற்காலத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரான அனில் ககோட்கர் இப்பள்ளியில் பயின்றவரே. 2006இல் நம் கல்பாக்கத்திலும் இதன் கிளை தோன்றியது.

பள்ளி நன்கு நடந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1962ஆம் ஆண்டுச் சட்டம் அணுமின் உற்பத்தியை நடுவணரசின் கையிலேயே வைத்திருந்தது. வேலை கொடுப்பவர் ஒருவரே, பயிற்றுபவரும் அவரே. அப்படியிருக்கப் பல்கலைக் கழகங்கள் எதற்காக முந்தப் போகின்றன? கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற சில இடங்கள் மட்டும் விளக்கை அணையாமல் காத்தன.

உலையின்றிக் கற்பித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். யுரேனியம்-235 பிளக்கும்போது தோன்றும் நியூட்ரான்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அக்கணமே வெளிப்படுகின்றன. ஆயிரத்துக்கு ஆறேழு மட்டும், பிளந்த துண்டுகளிலிருந்து, நொடிப்பொழுது முதல் ஒரு நிமிஷம் வரை பிந்தி வருகின்றன. இந்தச் சோம்பேறிச் சிறுபான்மைதான் உலையைக் காப்பாற்றுகிறது! ஒரு தலைமுறை நியூட்ரான் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே வாழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையும் ஆயிரத்துக்கு ஒன்று கூடினால், பிந்தி வருபவை இல்லாத உலையின் ஆற்றல் ஒரே நொடியில் இருபதினாயிரம் மடங்கைத் தாண்டும். எந்த மனிதன் அதைப் பிடித்து நிறுத்துவான்? பிந்தியவை இருப்பதால் அதே மிகை இரட்டிப்பதற்கே அரை நிமிஷத்துக்கு மேலாகிறது.

இதைக் கரும்பலகையில் பத்து நிமிஷத்தில் எழுதிவிடலாம்; நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் சிற்றுலை ஒன்றில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் கையாலேயே இறக்கி, அடுப்பணைத்த பின்னும் சூடு விடாத தோசைக் கல்லைப் போல் நியூட்ரான் கணக்கு மெல்ல மெல்லத் தணிவதைப் பார்த்தவனுக்கு அது வேறு அறிவு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக் கழகம் 1953லேயே தன் உலையை இயக்கியது. இன்று அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக் கழகங்களில் உலைகள் உள்ளன. நம் பல்கலைக் கழகம் ஒன்றுக்குக்கூடச் சொந்த உலை கிடையாது. இங்கே புனேப் பல்கலைக் கழக இயற்பியல் துறையில் மைக்ரோட்ரான் என்னும் எலெக்ட்ரான் முடுக்கி அமைந்து ஆய்வுக்கு உதவியதுண்டு. எனினும் தொடர்வினையை அதில் காட்ட இயலாது.

இதில் நமக்கென்ன என்று தமிழ் மாணவர் ஒதுங்க முடியாது. கல்பாக்கமும் கூடங்குளமும் நம் கடற்கரையில் உள்ளவை. 2011இல் புகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரை மக்கள் திரண்டு கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல வந்தவர்களுள், அத்துறையின் சம்பளத்தைச் சாராமல் உலையை உள்ளும் புறமும் அறிந்தவர் மிகச் சிலரே. அத்தகையோரை உண்டாக்குவது பல்கலைக் கழகத்தின் கடமையன்றோ? 2025 டிசம்பரில் பாராளுமன்றம் இயற்றிய புதுச் சட்டம் தனியாருக்கும் அணுமின் துறையைத் திறந்துவிட்டது. இனி ஆள் தேடுபவர் பலர். உலையைச் சரிபார்த்துக் கேள்வி கேட்பவரும் பலராக வேண்டும்.

"முதலில் இயற்பியலையோ இயந்திரப் பொறியியலையோ ஐயமறக் கற்றுக்கொள், பட்டம் பெற்றதும் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போடு" என்றேன் அம்மாணவரிடம்.

"அதுவரை உலையைக் கண்ணால் காண முடியாதா அண்ணா?"

"படத்தில் காணலாம் தம்பி" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.